ஜிம்னியை உயர்த்தும் முன்: கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண்

ஆண்டு இறுதித் தள்ளுபடி டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது என்று ஃபோர்-பை-ஃபோர் கடைகள் விளம்பரம் செய்யத் தொடங்கியதும் வாசகர் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாகான் டாலாமிலிருந்து ஒருவர், "இரண்டு இஞ்சா, மூன்று இஞ்சா, எதை வாங்குவது?" என்கிறார். இன்னொருவர் பழைய பெரோடுவா கெம்பாராவுக்கு சுசுகி ஜிம்னியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருந்துமா என்று கேட்கிறார். மூன்றாமவர் ஏற்கெனவே மாட்டிவிட்டார். "பாலத்தில் போகும்போது ஸ்டீயரிங் கையில் நிற்கமாட்டேன் என்கிறது, ஸ்பிரிங் சரியில்லையா?" என்பது அவருடைய கவலை. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த மூன்றாவது கடிதம்தான்.

முதலில் அந்த "இரண்டு இஞ்சு". பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் இந்த எண், எந்த எடையில் அளந்தது என்பதைச் சொல்வதில்லை. வெறும் வண்டியில் 50 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங், இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏற்றியபின் முன்பக்கம் அந்த அளவு உயர்த்தாது. கனத்த வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டினால் முன்பக்கம் சொன்னதைவிட அதிகம் தூக்கிக்கொள்ளும், குண்டு குழியில் முதுகெலும்பு வரை அதிரும். ஓல்டு மேன் இமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு எடைவாரியாகப் பல ஸ்பிரிங்குகளை விற்பது இதனால்தான். 50 மி.மீ. என்ற அளவு பல கிட்களில் திரும்பத் திரும்ப வருவதற்கும் பொறியியலை விடச் சட்டமே பெரிய காரணமாக இருக்கலாம். ஆஸ்திரேலிய விதிகளில் அது ஒரு முக்கியமான எல்லைக்கோடு. பினாங்கின் சாலைக்கோ கூலிம் செம்பனைத் தோட்டத்து மண்பாதைக்கோ அந்த எண்ணை யாரும் கணக்கிட்டுத் தரவில்லை.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. ஜிம்னியின் இரண்டு அச்சுகளும் முழு இரும்பு அச்சுகள். ஸ்பிரிங்கை மாற்றினால் சட்டகமும் உடலும் உயரும். அச்சு நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். தோட்டப்பாதையில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களுக்கு இடையிலான மேட்டில் இடிப்பது அந்தக் குடம்தான். சுசுகி சொல்லும் 210 மி.மீ. தரை இடைவெளி, கிட் மாட்டியபின் "260" ஆகிவிடும் என்று எந்தக் கடை சொன்னாலும் அது தவறு.

குடத்தை உயர்த்துவது டயர் மட்டுமே. அதன் கணக்கும் ஏமாற்றம் தரும். வண்டியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறக்குறைய 704. அதில் பாதியே அச்சுக்குக் கிடைக்கும், அதாவது வெறும் 5 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் சக்கரச் சுற்றளவு ஆறு விழுக்காடு கூடிவிடுவதால் வண்டி மந்தமாகும், வேகமானி உண்மையை விடக் குறைத்துக் காட்டும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் உரசாமல் திரும்ப இடம் வேண்டும். மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டக்கூடாது. மூன்று கதவு ஜிம்னியில் நடுவயிற்றுக் கோணம் 28 டிகிரி, ஐந்து கதவு வண்டியில் 24. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,250 மி.மீ.-இலிருந்து 2,590 ஆனதற்குக் கொடுத்த விலை அது. எனவே ஐந்து கதவுக்காரருக்கு லிஃப்ட் கேட்க நியாயம் சற்று அதிகம்.

இனி அந்தப் பாலத்துக் கடிதம்.

ஜிம்னியின் முன் அச்சை இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையும் அச்சில் இரண்டு ரப்பர் புஷ்களால் இறுக்கப்பட்டு, பின்னோக்கிப் போய்ச் சட்டகத்தில் ஒரே புள்ளியில் முடிகிறது. மலிவானது, வலுவானது, சேற்றிலும் கல்லிலும் அடிபட்டாலும் தாங்குவது. இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு புஷ்களால் இறுகியிருப்பதால் கை எந்தக் கோணத்தில் சாய்கிறதோ, அச்சும் அதே கோணத்தில் உருளும். வண்டியை உயர்த்தினால் கையின் பின்முனை சட்டகத்தோடு மேலே போகிறது, முன்முனை அச்சோடு கீழேயே நிற்கிறது. கை முன்னோக்கிச் சரிகிறது. அச்சின் தலையும் முன்னோக்கிக் கவிழ்கிறது.

இதில் தொலைவது காஸ்டர் கோணம். முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு மேலே சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது அந்தக் கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும்; டயர் அதன் பின்னால் இழுபட்டு வரும். பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதே விதியால்தான். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது, நெடுஞ்சாலையில் கை தளர்த்தினாலும் வண்டி நேர்கோட்டில் போவது, இரண்டும் இந்தச் சில டிகிரிகளின் உழைப்பு.

எவ்வளவு தொலைகிறது? 70 செ.மீ. நீளமுள்ள ஒரு கையின் ஒரு முனை 50 மி.மீ. உயர்ந்தால், கோணம் ஏறக்குறைய 4 டிகிரி மாறும். 25 மி.மீ.-க்கு 2 டிகிரி. வண்டிக்கு வண்டி கையின் நீளம் மாறினாலும் கணக்கின் போக்கு இதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்த காஸ்டரே சில டிகிரிகள்தான் என்பதை நினைத்தால், மூன்று இஞ்சு கிட் எதைத் தின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

பாகான் டாலாம்காரருக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2021 முதல் பினாங்கு பெர்ரியில் கார்களை ஏற்றுவதில்லை. பெருநிலத்தில் இருந்துகொண்டு காரில் தீவுக்கு வேலைக்குப் போகிறவர் பாலத்தில்தான் போக வேண்டும். முதல் பாலம் 13.5 கி.மீ., இரண்டாம் பாலம் 24 கி.மீ. இரண்டும் கடல்மேல், பக்கவாட்டில் காற்று வாங்கும் திறந்தவெளி. பெட்டி போன்ற உடலும் குறுகிய நீளமும் கொண்ட ஒரு வண்டி, உயர்த்தப்பட்டு, காஸ்டரையும் இழந்து, 80 கி.மீ. வேகத்தில் அங்கே போகும்போது ஓட்டுநர் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை ஜெராய் மலையடிவாரத்துக்குப் போவதற்காக, தினமும் காலையிலும் மாலையிலும் இந்த ஆபத்தை வாங்கிக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும், மூன்றாவது கடிதம் எழுதிய அன்பரே. கெட்டுப்போனது கோணம்.

இழந்ததைத் திருப்ப மூன்று வழிகள் இருக்கின்றன. துளை மையம் விலகிய காஸ்டர் புஷ்கள் மலிவானவை. கடைகளில் பெரும்பாலும் 2, 3 டிகிரி திருத்தம் தருபவை கிடைக்கும். ரப்பர் ஒருபக்கம் மெலிந்திருப்பதால் காட்டுவழியில் அச்சு முறுகும்போது சீக்கிரம் நைந்துபோகும். கைகளின் பின்முனையைக் கீழிறக்கும் பிராக்கெட் வடிவியலை ஏறத்தாழ பழைய நிலைக்கே கொண்டுவரும், ஆனால் கல்லில் இடிக்க ஒரு புதிய இடத்தையும் சேர்த்துத் தரும். வளைத்துச் செய்த புதிய கைகளே முழுமையான தீர்வு. விலையும் அதற்கேற்ப.

கடைகள் பெரும்பாலும் சொல்லாத ஒரு முரண் இங்கே இருக்கிறது. புஷ்ஷாலோ புதிய கையாலோ காஸ்டரைத் திருத்த அச்சைப் பின்னோக்கி உருட்டும்போது, டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனிகிறது. அந்த மூக்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்டை நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டியது. ஸ்டீயரிங் நேராகும், ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் கூடும். நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டதும் முன்தரையில் ஒரு நடுக்கம் தொடங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். உயரம் கூடக்கூட இந்த இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கும். 40 மி.மீ. அளவில் இரண்டையும் சமாதானப்படுத்துவது எளிது. 75-இல் ஒன்றை விட்டுக்கொடுக்க நேரும். அன்றாடம் ஓட்டும் சின்ன வண்டிக்கு 40-ஐத் தாண்டத் தேவையில்லை என்பதே இங்கே சொல்லக்கூடிய தெளிவான பதில்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இஞ்சு அல்ல. மாட்டும் முன் அலைன்மெண்ட் எந்திரத்தில் ஏற்றி காஸ்டர் எண்ணை அச்சிட்டுத் தரச் சொல்ல வேண்டும், மாட்டியபின் இன்னொரு தாள். ஜிம்னியின் முன்னச்சில் காஸ்டரைத் திருகித் திருத்தும் வசதி கிடையாது. எனவே "அலைன்மெண்ட் செய்தால் சரியாகிவிடும்" என்ற உறுதிமொழியை நம்ப வேண்டாம். "ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் போதும்" என்பதையும் நம்ப வேண்டாம். டேம்பர் உதறலை மறைக்கும், காரணத்தைத் தொடாது. பழைய ஜிம்னிகளில் உதறலுக்குத் தேய்ந்த கிங்பின் பேரிங்கும் காரணமாக இருக்கும். கிட் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் அங்கே செலவழிப்பது நல்லது.

அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் லேட்டரல் ராடும் உயரத்தோடு சரிந்து அச்சைச் சில மி.மீ. ஒருபக்கம் தள்ளும். நீளம் மாற்றக்கூடிய ராடு அதைத் தீர்க்கும். ஸ்டீயரிங் சக்கரம் கோணலாகிவிட்டால் டிராக் லிங்க்கைத் திருகி நேராக்க வேண்டும். சக்கரத்தையே கழற்றி நேராக மாட்டிவிடும் பட்டறைகள் உண்டு, அது நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டின் கோணச் சென்சாரைக் குழப்பிவிடும்.

கெம்பாராவின் கதை வேறு. 1998-இல் டைஹாட்சு தெரியோஸைத் தழுவி வந்த அந்த வண்டிக்கு முன்னால் முழு அச்சு கிடையாது, தனித்தனி ஸ்ட்ரட். காஸ்டர் பெரிதாகப் போகாது. பதிலாக டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டுகள் சாய்ந்து நிற்கும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் அந்தச் சாய்விலேயே நாள் முழுதும் சுழலும். 30 மி.மீ.-க்குள் நிறுத்திக்கொள்வது ஷாஃப்டுக்கு நல்லது. ஜிம்னியின் கிட் பொருந்தாது. பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய சுசுகி எஸ்ஜே410-இல் முன்னால் நீளமான ஷேக்கில் மாட்டினால் ஜிம்னியைப் போலவே காஸ்டர் குறையும்.

சட்டம் பற்றி. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகளும் பொருந்தும். "ஜெர்மனியின் டியுஃப் சான்று பெற்றது" என்ற ஒட்டுத்தாள் ஜெர்மனியில் பயன்படும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதிக்கு அது ஈடாகாது. "ஜேபிஜே ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்பது விற்பவரின் கருத்து மட்டுமே. வண்டி விவரத்தோடு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதே பாதுகாப்பு. அதைவிட முக்கியம் காப்புறுதி. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, காப்புறுதி நிறுவனம் கேட்பதற்குத் தவறான பதில் தராமல் நியாயமான கவனம் காட்டும் கடமையை வாங்குபவர்மேல் வைக்கிறது. மாற்றம் செய்திருக்கிறீர்களா என்ற கட்டத்தில் "இல்லை" என்று குறித்துவிட்டுப் பாலத்தில் மோதினால், இழப்பீடு கைக்கு வருவது சிக்கலாகிவிடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஸ்பிரிங்கின்மேல் வைக்கும் ஸ்பேசர் போதுமா? 25 மி.மீ. வரை போதும், அப்சார்பரின் நீளம் சரியாக இருந்தால்.

பாடி லிஃப்ட்? டயருக்கு இடம் தரும், சட்டகம் உயராது.

பிரேக் ஹோஸ்? அச்சை முழுதாகத் தொங்கவிட்டு, ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

முகப்பு விளக்கு? அன்றே தாழ்த்த வேண்டும், எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் கூசும்.

தமிழ்நாட்டில் இருக்கும் அண்ணனின் மஹிந்திரா தார் வண்டிக்கும் இதே கிட்? இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டி மாற்றங்கள் பற்றிய 2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மிகக் கண்டிப்பானவை, அங்கே ஆர்டிஓவைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிடலாமா? மாட்டும் முன்னும் பின்னும் காஸ்டர் தாள் தர ஒப்புக்கொள்ளும் கடை என்றால் வாங்கலாம்.