எட்டு லிங்கமும் ஓர் உண்டியலும்

பௌர்ணமி இரவுகளில் கிரிவலம் வரும் குடும்பங்களில், குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தாத்தா, இன்னும் எவ்வளவு தூரம்?" அக்கேள்வி பெரும்பாலும் அடி அண்ணாமலையை நெருங்கும்போதுதான் எழும். மலையின் மேற்குப் புறத்தில், 14 கிலோமீட்டர்ப் பாதையின் ஏறத்தாழ நடுவழியில் அமைந்த ஊர் அது. கால்கள் ஓய்ந்திருக்கும், புறப்பட்ட இராஜகோபுரம் மலைக்கு அப்பால் மறைந்திருக்கும். அனுபவம் மிக்க பெரியவர்கள் அப்போது கிலோமீட்டர்க் கணக்குச் சொல்வதில்லை. "இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன் என்று ஐந்து லிங்கம் தரிசித்துவிட்டோம். ஆதி அண்ணாமலையாரைக் கும்பிட்டுப் போனால் அடுத்தது வாயு லிங்கம். அப்புறம் இரண்டுதான்" என்பார்கள். குழந்தை விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு மீண்டும் நடக்கத் தொடங்கும்.

காசு சேர்க்கப் பழகும் குழந்தைக்கும் இதே உதவிதான் தேவைப்படுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு 14 கிலோமீட்டர் எப்படிப் பொருள் தராதோ, அப்படியே 300 ரூபாய் என்பதும் பொருள் தராது. நம் வீடுகளில் இருந்த மண் உண்டியலில் ஒரு குறை உண்டு. போட்ட காசு இருட்டுக்குள் போய்விடும். எடுக்க இயலாது என்பதால் பெரியவர்களுக்கு அது நன்மை. குழந்தைக்கோ குலுக்கிப் பார்க்கும் ஓசை மட்டுமே மிச்சம். சில நாள்களில் அதன் மீதுள்ள ஆசை வற்றிவிடும்.

இந்த இதழின் வாசகர்களுள் பலர், பள்ளியில் நடந்த சஞ்சாயிகா சேமிப்புத் திட்டத்தை நினைவில் வைத்திருப்பார்கள். நாலணா, எட்டணாவாகக் கொடுத்த காசு சிறு கணக்குப் புத்தகத்தில் பதிவாகும். தொகை அற்பமானது. ஆயினும் வரிக்கு வரி எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள்.

வீட்டில் இதனை இன்னும் எளிதாகச் செய்யலாம். கெட்டியான அட்டை ஒன்றில் நடுவே மலையையும், சுற்றிலும் பாதையையும், பாதையில் எட்டு லிங்கங்களையும் வரைந்து தர வேண்டும். ஒரு லிங்கத்திற்கு 40 ரூபாய் என்று வைத்தால் வலம் முடியும்போது 320 ரூபாய். 40 ரூபாய் சேர்ந்ததும் குழந்தையே அந்த லிங்கத்திற்கு வண்ணம் தீட்டட்டும். பாட்டி தீட்டித் தரக்கூடாது. காசு போடும் பாத்திரம் கண்ணாடிப் புட்டியாக இருந்தால் மேலும் நல்லது. விநாயகர் சதுர்த்தியன்று தொடங்கினால், வாரம் ஒரு லிங்கமாகக் கார்த்திகை தீபத்திற்கு முன்பே வலம் நிறைவுறும். இரண்டொரு வாரம் தவறினாலும் ஈடுசெய்ய நாள் இருக்கும். எதற்காகச் சேர்ப்பது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். வண்ணப் பென்சில் பெட்டியோ, கிரிக்கெட் மட்டையோ, அதன் படத்தை ஈசான்ய லிங்கத்தின் அருகில் ஒட்டிவிடலாம்.

காசே சேராத வாரமும் வரும். அன்று கடிந்துகொள்ளாமல் பூசலார் நாயனார் கதையைச் சொல்லலாம். கையில் பொருளின்றித் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, மதிலும் வகுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கோயில் கட்டினார் அவர். காஞ்சியில் மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கையே தள்ளிவைக்கச் சொல்லி இறைவன் அங்கு எழுந்தருளினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. இக்கதையைக் கேட்கும் குழந்தைகள், "அன்றைக்கு எவ்வளவு கட்டினார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இனி, பெரியவர்கள் செய்யும் ஒரு தவறு. பால்காரருக்குச் சில்லறை இல்லை, ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று குழந்தையின் உண்டியலில் கை வைப்பது. "உனக்காகத்தானே எல்லாம்" என்ற சமாதானம் வேறு. வங்கியில் ஒருவருடைய கணக்கிலிருந்து அவர் அறியாமல் ஒரு ரூபாய் எடுத்தாலும் அதற்குப் பெயர் மோசடி. வண்ணம் தீட்டிய மூன்றாம் லிங்கத்திற்கு உரிய காசு புட்டியில் இல்லையென்று கண்ட குழந்தை, அட்டையை மட்டுமன்று, தாத்தா பாட்டியின் சொல்லையும் அதன்பின் நம்பாது. தவிர்க்கவே முடியாத வேளையில் கேட்டு வாங்குங்கள். அட்டையின் பின்புறம் எழுதிவையுங்கள். சொன்ன நாளில் திருப்பிப் போடுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

கேட்டபோதெல்லாம் நோட்டை நீட்டும் பாசமும் இதே அளவு கெடுதல் செய்யும். நான்கு லிங்கம் தாண்டிய குழந்தைக்கு மீதி நான்கையும் ஒரே நாளில் தாத்தா வாங்கித் தந்தால், அது நடந்த வலம் ஆகாது.

பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்தலாம். 500 ரூபாய் இருந்தால் போதும். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் மிக நல்லது. ஆனால் அது பெற்றோர் செய்ய வேண்டிய நெடுங்காலச் சேமிப்பு. குழந்தை கண்ணால் பார்த்து மகிழும் புட்டிக்கு அது மாற்றாகாது. வலம் முடிந்ததும் "இதை வங்கியில் போட்டுவிடுவோம்" என்று தொகையை மொத்தமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வாக்களித்த பென்சில் பெட்டியை அன்றே வாங்கித்தர வேண்டும்.

குபேர லிங்கம் ஏழாவது. அதற்குப் பிறகும் ஈசான்ய லிங்கம் இருக்கிறது. இதனைக் கவனித்து ஏன் என்று கேட்கும் குழந்தைகள் உண்டு. கடைசி 40 ரூபாயில் சிறிதளவை அகல் விளக்குக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள்; பெரும்பாலான பிள்ளைகள் மறுப்பதில்லை. தீபத்தன்று மாலை மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும், தன் காசில் வாங்கிய அகலை வாசற்படியில் அந்தக் குழந்தையே ஏற்றட்டும். நிறைந்த அட்டையைப் பூஜையறைச் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாள் வெற்று அட்டை ஒன்றை எடுத்து, இந்திர லிங்கத்திலிருந்து மறுபடி வரையத் தொடங்கலாம்.