நூலிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து ஆற்றங்கரைக்கு

நாம் போற்றிய நாவல் ஒன்று திரைப்படமாக வருகிறதென்றால் நம் இல்லங்களில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. “நூலின் சுவை படத்தில் வருமா?” என்பது முதியோர் கேள்வி. “படம் வந்ததால்தானே கதை எங்களுக்குத் தெரிந்தது?” என்பது இளையோர் மறுமொழி. இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுமுன், கடல் கடந்த நாட்டுச் செய்தி ஒன்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்ந்தவர் நார்மன் மக்லீன். சிகாகோவில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், தம் தந்தையையும் இளவலையும் நினைந்து ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ என்னும் குறுநாவலை எழுதினார். அது 1976-இல் வெளிவந்தது. அக்குடும்பத்தை இணைத்த கலை பொய்ப்பூச்சி கொண்டு மீன் பிடித்தல். இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள் பூச்சி போலவே தோன்றும். அதற்கு எடை இல்லை. ஆகவே தூண்டிற் கயிற்றின் எடையையே துணைகொண்டு, கோலை முன்னும் பின்னும் தாளம் தவறாது வீச வேண்டும். நீர்மேல் பூச்சி அமர்வதுபோல் அது மெல்ல இறங்கினால்தான் டிரவுட் மீன் ஏமாறும். நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் சென்றுவந்த அன்பர்கள் இம்மீனை அறிந்திருப்பர். வெள்ளையர் காலத்தில் அம்மலை ஓடைகளில் கொணர்ந்து விடப்பட்டது அது.

1992-இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இந்நூலைப் படமாக்கினார். வெயில் படிந்த ஆற்றின்மேல் வளைந்து நெளியும் அந்தக் கயிற்றைத் திரையில் கண்டவர்கள் மயங்கினர். அதுவரை தூண்டில் தொடாதவர்களும் கோல் வாங்கினர். மொன்டானாவின் ஆறுகளில் கூட்டம் பெருகிற்று. தனிமையை நாடிய பழைய மீன்பிடிப்போர் முகம் சுளித்தனர். வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் மகிழ்ந்தனர்.

இதில் ஒரு விந்தை உண்டு. நூலில் வரும் பிளாக்ஃபுட் ஆறு, சுரங்கக் கழிவாலும் மரவெட்டினாலும் அந்நாளில் நலிந்திருந்தது. ஆதலின் படத்தில் பெரும்பாலும் கேலட்டின் முதலிய வேறு ஆறுகளே அதன் வேடம் பூண்டன. எனினும் படம் தந்த புகழ் உண்மை ஆற்றைக் காக்க உழைத்தவர்களுக்குத் துணையாயிற்று. அது கலக்குமிடத்தில் நின்ற மில்டவுன் அணையும் 2008-இல் உடைத்து அகற்றப்பட்டது. கூட்டத்தைக் கொணர்ந்த படமே ஆற்றுக்குக் காவலரையும் கொணர்ந்தது. ஆனால் கோல் வாங்கிய கையோடு கலை வந்துவிடுவதில்லை. அதற்குரிய பொறுமையையும், அன்புடைய தம்பியையே காக்க இயலாத அண்ணனின் துயரையும், மெல்ல மெல்ல உணர்த்துவது நூலே.

இனி நம் ஊருக்கு வருவோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. மணிரத்னம் அதனை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்குக் கொணர்ந்தார். அதன் காட்சிகள் பல நம் ஐதராபாத்தின் ராமோஜி திரைநகரிலேயே எடுக்கப்பட்டன. மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு ஐந்தரை மணி நேரத்தில் அடங்கியது. ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் நிதானமாகக் குதிரையில் வருவதோடு நாவல் தொடங்குகிறது. படத்திலோ அவன் பயணம் ஒரு பாட்டுக்குள் விரைந்து போகிறது.

படம் பார்த்து வந்த நம் இளைஞர் சிலர் நூலைக் கேட்டனர். எடுத்துக் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்களுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராதே!” என்று திருப்பித் தந்தனர். கதைமீது ஆசை வந்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை. குற்றம் அவர்களுடையதா? தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கற்க வைத்த நாம், நம் எழுத்தை மட்டும் நாளைக்கென்று ஒத்திவைத்தோம்.

ஆகவே படத்தைப் பழிக்க வேண்டா. அது மூட்டிய ஆசையை அணையவிடாதிருப்போம். இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் பெற்றோர் நூலை உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் அருகிருந்து எழுத்தைப் பார்க்கட்டும். வரும் ஆடிப் பதினெட்டன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு கண்டிப்பேட்டை உஸ்மான் சாகர் கரைக்குச் செல்வோம். 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் இந்நகரைக் காக்க எழுந்த ஏரி அது. வீரநாராயண ஏரியோ இன்று வீராணம் என்னும் பெயரோடு 2004 முதல் சென்னையின் தாகமும் தீர்க்கிறது. விடுமுறையில் தாயகம் செல்லும்போது அதன் கரையிலும் ஒருநாள் நிற்போம். அங்கே முதல் அத்தியாயத்தை நம் பிள்ளை தானே படித்துக் காட்டுமாயின், அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்?