தேக்காவில் ஒலிக்கும் மச்சான்

அக்காள் கணவர், மாமன் மகன், அத்தை மகன் ஆகியோருக்குரிய உறவுச்சொல் ‘மச்சான்’. பெண் கொடுத்து எடுக்கும் உறவில் கேலிக்கு உரிமை உண்டு. நெருங்கிய நண்பனுக்கும் அச்சொல் பொருந்தியதில் வியப்பில்லை. ஸ்பானிய மொழியிலும் ஞானத்தந்தை உறவைக் குறிக்கும் ‘கொம்பாத்ரே’ இப்படித்தான் தோழனைக் குறிக்கலாயிற்று. நண்பனை அழைக்கச் சென்னையில் ‘மச்சி’, மதுரைப் பக்கம் ‘மாப்ள’. இலங்கையில் சிங்களவரும் நண்பனை ‘மச்சங்’ என்பார்கள். 2008இல் இத்தாலிய இயக்குநர் உபெர்ட்டோ பசோலினி இலங்கையரைப் பற்றி ‘மச்சான்’ என்றே படம் எடுத்தார். சிங்கப்பூரில் ‘மச்சா’ தமிழரைத் தாண்டியது. மலாய், சீன நண்பர்களும் இந்தியத் தோழனை அப்படிக் கூப்பிடுகிறார்கள். அது பழகியவர்களுக்கே அழகு. அங்குள்ள தேக்கா சந்தையில் முன்பின் தெரியாத மீன்கடைக்காரரிடம் விலை கேட்க ‘அண்ணே’தான் சரி.