மன்னார்ப் பாதையைப் பலகையில் வரைதல்: பயண ஆட்டங்களின் விதிகளும் வரலாற்று உண்மையும்

1

பலகை ஆட்டங்களை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அரிது. நாட்டார் பாடலும் கூத்தும் பழமொழியும் பெற்ற கவனத்தைத் தாயமும் சொக்கட்டானும் பரமபதமும் பெற்றில. பொழுதுபோக்கு என்ற பெயரால் அவை ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆயின் ஓர் ஆட்டத்தின் விதிகளை ஊன்றி நோக்குமிடத்து, யார் எங்கிருந்து தொடங்கலாம், எதனால் முன்னேறலாம், எதனால் வீழலாம், யார் வென்றவராகக் கொள்ளப்படுவார் என்பன பற்றி ஒரு சமூகம் கொண்டுள்ள எண்ணங்கள் அங்குச் சுருங்கிய வடிவில் அமைந்திருத்தலைக் காணலாம். இலக்கியத்தின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி உருவத்தையும் சமூக உறவுகளின் வெளிப்பாடாகக் கொள்வோர்க்கு இக்கூற்றுப் புதியதன்று.

வீதிவழிப் பயணம் ஒன்றைப் பலகை ஆட்டமாக அமைப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா. அதனைப் பொதுநிலையில் வைத்து ஆராயாது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சென்ற பாதையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தோட்டங்களை நோக்கி நடந்த பாதை இது. அவர்கள் வரவின் இருநூறாவது ஆண்டு நினைவாக 2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைப்பயணம், ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. நடந்தவர்களுக்கு அப்பாதை உடலால் உணர்ந்த அறிவாயிற்று. நடவாத இளந்தலைமுறைக்கு அவ்வறிவை எவ்வாறு ஊட்டுவது என்னும் தேவையே நம்மை இவ்வினாவுக்கு இட்டுவந்தது.

2

பயண ஆட்டங்களுள் நமக்கு மிக அணுக்கமானது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் இவ்வாட்டத்தில் காய் கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. ஏணி நற்செயலின் பயன், பாம்பு தீச்செயலின் பயன், சேருமிடம் வீடுபேறு. இவ்வகை இந்திய ஆட்டமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்ற சிறுவர் ஆட்டமாக மாறிற்று.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து பரவிய வாத்து ஆட்டம் 63 கட்டங்களைக் கொண்டது. விடுதி, கிணறு, சிறை, சாவு என்பன அதன் வழித்தடைகள். 1759இல் இலண்டனில் யோன் ஜெபரிஸ் வெளியிட்ட ஐரோப்பியப் பயண ஆட்டம் அவ்வமைப்பை நிலப்படத்தின் மீது ஏற்றி, புவியியலைக் கற்பிக்கும் கருவியாக்கிற்று. வணிகமும் குடியேற்றமும் விரிந்த காலத்தில் நிலப்படமே ஆட்டப் பலகையாயினமை தற்செயலன்று. 1954இல் பிரான்சில் வெளிவந்த ‘ஆயிரம் மைற்கற்கள்’ என்னும் சீட்டாட்டத்தில் மோட்டார் வண்டியோட்டி ஆயிரம் கிலோமீற்றரைக் கடத்தல் வேண்டும். சில்லுக் காற்றுப்போதல், எரிபொருள் தீர்தல், விபத்து ஆகிய இடர்களை ஒருவர்மீது ஒருவர் சுமத்துகின்றனர். வழியில் உடன்செல்பவர் அங்குப் போட்டியாளரே.

காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இவ்வாட்டங்களிடையே மூன்று பொதுப்பண்புகள் உள. ஒன்று, யாவரும் சமநிலையில் ஒரே கட்டத்திலிருந்து தொடங்குகின்றனர். இரண்டு, முன்னேற்றமும் வீழ்ச்சியும் தனியாளின் நற்பேறாகவோ திறமையாகவோ ஒழுக்கமாகவோ தோன்றுகின்றன. மூன்று, முதலிற் சேர்ந்தவர் வென்றவராகிறார். இவை மூன்றும் கூடுமிடத்து, சமூகம் என்பது தனியாட்கள் ஓடும் பந்தயம் என்ற கருத்துநிலை இயல்பான ஒன்றாக ஆடுவோர் மனத்திற் படிகிறது.

இதற்கு மாறான முயற்சிகளும் இருந்துள்ளன. 1904இல் அமெரிக்காவில் லிசி மகீ என்னும் பெண்மணி காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’ நிலவாடகை ஒருவரைச் செல்வராகவும் ஏனையோரை வறியராகவும் ஆக்குதலைக் காட்டுதற்கென அமைக்கப்பட்டது. அதன் வழிவந்ததே 1935இல் பெருநிறுவனமொன்று விற்பனைக்குக் கொண்டுவந்த ‘மொனோபொலி’. குற்றஞ்சாட்ட எழுந்த உருவம் கொண்டாட்டமாக மாறியமை உருவ ஆராய்ச்சிக்குரிய நல்ல பாடமாகும். மார்க்சியப் பேராசிரியர் பேர்ட்டெல் ஒல்மன் 1978இல் வெளியிட்ட ‘வர்க்கப் போராட்டம்’ என்னும் ஆட்டத்தில் தாம் எவ்வர்க்கம் என்பதை ஆடுவோர் தெரிவுசெய்ய இயலாது; அதனைத் தாயக்கட்டையே முடிவுசெய்யும். அண்மைக் காலத்திலே பிரெண்டா றொமேறோ, அத்திலாந்திக்கைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் பயணத்தைத் தம் சிறுமகளுக்கு உணர்த்த 2008இல் ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். உணவு குறைந்துகொண்டே வர, கப்பலில் உள்ளோரை என்செய்வது என்ற வினா ஆடும் குழந்தையின் கையில் விடப்பட்டது. நாவல் ஒருவர்க்கு நேர்ந்ததைக் காட்டுகிறது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலே நாம் மருதியின் வாழ்வைப் பார்த்திருக்கிறோம். ஆட்டமோ முடிவை எம்மையே எடுக்கச் செய்கிறது. அவ்வுருவத்தின் தனி ஆற்றல் இதுவே.

3

இனி, பாதையை நோக்குவோம். கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய 1830களுக்குப் பின்னர் இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் வள்ளங்களில் கடல் கடந்து மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையிலும் இறங்கினர். தலைமன்னாரில் இறங்கியோர் மணற்பாங்கான தீவின் வழியாகப் பேசாலையையும் மன்னார் நகரையும் கடந்து பெருநிலத்தை அடைந்தனர். முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளை வரை சென்ற தூரம் ஏறத்தாழ 150 மைல். அதிற் பெரும்பகுதி வறண்ட வலயக் காடு. குளத்து நீரே குடிநீர். வாந்திபேதியும் மலேரியாவும் அம்மையும் பலரைக் கொண்டுசென்றன. நோயுற்றோர் வழியோரத்தில் விடப்பட்டனர். 1840களில் 70,000 பேர் இறந்தனர் என 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று வெளியிட்ட மதிப்பீடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. அத்தொகை மிகையானது என மறுக்கும் வரலாற்றாசிரியரும் உளர். தொகை பற்றிய கருத்து மாறுபாடு எவ்வாறாயினும், சாவு இப்பாதையின் விதிவிலக்கன்று, இயல்பு என்பதில் ஐயமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் திரட்டிய மலையக நாட்டார் பாடல்களும் இதற்குச் சான்று.

தொழிலாளி தனியாக நடக்கவில்லை. கங்காணியின் கூட்டத்தில் ஒருவராகவே நடந்தார். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் அவர் பெயரிற் கடனாயிற்று. கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டம் தலைக்காசு கொடுத்தது. கடனைத் தீர்ப்பவரிடம் தொழிலாளியை விடுவதாகத் தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிந்தது. வந்தோருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணியர் பலர் அவர்களினும் உயர்ந்தவராகக் கருதப்பட்ட சாதியினர். ஊரின் உறவும் ஊரின் அடக்குமுறையும் ஒருங்கே பாதையில் வந்தன.

4

மேற்கூறிய மூன்று பொதுப்பண்புகளையும் இப்பாதையின் மீது அப்படியே ஏற்றினால் விளைவது யாது? மன்னாரில் ஏணியும் காட்டிற் பாம்பும் வரைந்த இன்னொரு பரமபதமே விளையும். வாந்திபேதி தாயக்கட்டையின் குறும்பாகிவிடும். எனவே விதிகளைப் பாதையிலிருந்தே பெறுதல் வேண்டும். நாம் முன்வைக்கும் வரைவு பின்வருமாறு.

முதலாவது, பலகை. ஒரு கட்டம் 5 மைலெனக் கொண்டால் 30 கட்டங்கள் அமையும். மன்னார் நகர் 4ஆம் கட்டத்திலும் மதவாச்சி 14ஆம் கட்டத்திலும் தம்புள்ளை 25ஆம் கட்டத்திலும் மாத்தளை இறுதியிலும் வரும். பாதையின் ஏறத்தாழப் பாதி மதவாச்சிக்கு முன்னரே முடிவதைச் சிறுவர் இதனாற் காண்பர். அந்நிலம் வெறுங்காடன்று என்பதும் தெரிதல் வேண்டும். பேசாலையின் மீனவர், எருக்கலம்பிட்டியின் முஸ்லிம்கள், கட்டுக்கரைக் குளத்தை நம்பிய உழவர் ஆகியோர் வாழும் ஊர்களைப் பலகை காட்ட வேண்டும்.

இரண்டாவது, தொடக்கம். தலைமன்னாரில் காயை வைக்கும்போதே ஒவ்வொரு கூட்டமும் கடன் வில்லைகளுடன் தொடங்கும். கடலைக் கடந்த செலவு அது. இங்குச் சுழி என்ற கட்டம் கிடையாது.

மூன்றாவது, நகர்வு. நடப்பதற்குத் தாயக்கட்டை வேண்டியதில்லை. ஒரு நாளில் இரண்டு கட்டமா மூன்று கட்டமா என்பதைக் கூட்டத்தை நடத்துபவர் தீர்மானிப்பார். விரைந்தால் அரிசி மிஞ்சும், உடல் தளரும். தங்கினால் உடல் தேறும், கடன் வளரும்.

நான்காவது, நோய். தாயக்கட்டை இங்குத்தான் உருளும். ஆனால் உருளும் தடவைகள் நிலைமையைப் பொறுத்தன. வற்றிய குளத்தருகே தங்கினால் இருமுறையும், முன்னர் நோய் கண்ட கூட்டம் தங்கிய கட்டத்திலே தங்கினால் மும்முறையும் உருட்டுதல் வேண்டும். பிற்காலத்தில் வழியில் அமைக்கப்பட்ட கொட்டகையும் கிணறும் மருந்தகமும் வில்லைகளாக வந்தபின் ஒருமுறை போதும். தற்செயல் ஒழிக்கப்படவில்லை, அதற்குக் காரணங்கள் உண்டு என்பது காட்டப்படுகிறது.

ஐந்தாவது, நோயுற்றவர். அவரோடு தங்குவதா, விட்டுச்செல்வதா என்பதைக் கூட்டத்தார் யாவரும் பேசியே முடிவுசெய்ய வேண்டும். விட்டுச்சென்றால் அவரது காய் அக்கட்டத்திலேயே இறுதிவரை இருக்கும். பின்வரும் கூட்டங்கள் அதனைக் கடந்தே செல்லும். அவர் கடன் வில்லைகளோ கூட்டத்தின் கணக்கிற் சேரும்.

ஆறாவது, முடிவு. மாத்தளையில் முதலிற் சேர்ந்தவருக்குப் பரிசில்லை. அங்குத் தலைகள் எண்ணப்படும். எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி தலைக்காசு பெறுவார். ஏனையோர் தம் கடனைக் காண்பர். இப்பயணத்தாற் பெரும்பயன் எய்திய தோட்ட முதலாளிக்குப் பலகையில் காயே இல்லை என்பதை ஆடியோர் அப்போது உணர்வர். அவர் நடக்கவில்லை, தாகங்கொள்ளவில்லை, தாயம் உருட்டவில்லை. ஆயினும் ஒவ்வொரு கட்டத்தின் இலாபமும் அவரையே சேர்கிறது. உழைப்பவர் ஓடும் பந்தயத்தில் ஓடாதவர் வெல்லும் இவ்வுறவைத் தோற்றச் செய்தலே இவ்வடிவமைப்பின் மையம் என்போம்.

கோப்பிக் காலத்தில் அறுவடை முடியப் பலர் ஊர் திரும்பினர். ஆதலின் ஆட்டம் மீண்டும் தலைமன்னாரிலிருந்து தொடங்கலாம். 1869இல் காணப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது ஆண்டு முழுதும் ஆட்கள் தேவைப்பட்டனர். குடும்பங்கள் மலையிலே நிலைகொண்டன. அச்சுற்றில் திரும்பும் விதியை நீக்கிவிட வேண்டும்.

5

பலகை இத்துடன் மடக்கப்படலாகாது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்த் துறையும் இயங்கத் தொடங்க, நடைவழி புகைவண்டியும் கப்பலுமாயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அதே தலைமன்னார் வழியாக எதிர்த்திசையில் அனுப்பப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் கொள்ளப்பட்டது. 1974இல் அவ்வெச்சம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது.

இத்தொகைகளை ஆட்டமாக்குதல் எளிது. அவ்வெளிமையே அச்சந் தருவது. ஒரு காய் 75,000 மக்களைக் குறிப்பதாயின் மொத்தம் 13 காய்கள். ஏழு இந்தியாவுக்கு, நான்கு இலங்கைக்கு, இரண்டு மேசையின் ஓரத்தில். பத்தாண்டு கழிந்து பக்கத்துக்கு ஒன்று. இச்சுற்றில் ஆடுவோர் தம் விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பர். ஆனால் காய்கள் ஒதுக்கீட்டின்படியே நகரும். அரிசியும் நீரும் இங்கு வில்லைகளல்ல; விண்ணப்பமும் கடவுச்சீட்டுமே வில்லைகள். ஒரே வீட்டின் காய்கள் இருவேறு திசையிற் செல்லுதலை யாரும் தடுக்க இயலாது. 1980களில் போரினாற் கப்பல் நின்றபோது நடுவழியில் நின்ற காய்களும் உண்டு. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

6

துன்பத்தை விளையாட்டாக்கலாமா என்ற எதிர்வினா எழும். அது புறக்கணிக்கத்தக்கதன்று. பிறர் சாவைப் புள்ளியாக எண்ணும் ஆட்டம் இழிவானதே. ஆதலினாற்றான் விட்டுச்செல்லலுக்கு இவ்வரைவிற் பரிசு வைக்கப்படவில்லை. விடப்பட்ட காய் அகற்றப்படுவதும் இல்லை. கல்லறையோ பெயர்ப்பட்டியலோ இன்றி மறைந்தோர் அக்கட்டங்களிலேனும் இடம்பெறுகின்றனர். நூல்களிற் படித்த தொகை மறந்துபோகலாம். தம் கையால் ஒரு காயை விட்டு நகர்ந்தவர் அதனை எளிதில் மறவார்.

மற்றொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். பொறுத்தலும் நடத்தலும் மட்டுமே விதிகளாயின், மக்கள் வரலாற்றின் பொருட்களாக மட்டுமே தோன்றுவர். தோட்டத்திலிருந்து தப்பியோடியோர், கடனை மறுத்தோர், பின்னர்த் தொழிற்சங்கம் அமைத்தோர் அவர்களே. இவர்களுக்குரிய விதிகள் மாத்தளைக்கு அப்பாலுள்ள இன்னொரு பலகையை வேண்டுவன. அதனை வரைதற்கு மலையக ஆசிரியரும் தொழிற்சங்கத்தாரும், பாதையின் முதற் கட்டங்களை நன்கறிந்த மன்னார் மக்களும் ஒன்றுகூடுதல் வேண்டும். முதற் பலகைக்கு அட்டையும் சோகியும் புளியங்கொட்டையும் போதும். ஒரு பாடவேளையில் நான்கு கூட்டங்கள் ஆடி முடிக்கலாம். அடுத்த பாடவேளையை, எந்தக் கட்டத்தில் எவரை ஏன் விட்டுவந்தோம் என்ற உரையாடலுக்கு ஒதுக்குதல் நன்று.