வான்கதவு திறந்ததாம்: யார் பார்த்தது?

மாரி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் கிளிநொச்சியில் எல்லாருடைய கைபேசியிலும் ஒரே கேள்விதான்: இரணைமடுக் குளம் வான் பாயுதா? சற்று நேரத்தில் முகநூல் குழுமத்தில் யாராவது ஒரு படம் போடுவார். "எல்லாக் கதவும் திறந்தாச்சு, பன்னங்கண்டிச் சனம் வெளிக்கிடுங்கோ." கீழே கருத்துகள் குவியும். "இது 2018 வெள்ளப் படம்" என்பார் ஒருவர். "நீ ஆற்ற ஆள்?" என்று அவர்மேல் பாய்வார் இன்னொருவர். கடவுளைக் கூப்பிடுவோர் ஒருபக்கம், அரசியல்வாதியைத் திட்டுவோர் மறுபக்கம். "முரசுமோட்டை, எங்கட ஒழுங்கையில முழங்கால் அளவு தண்ணி, இப்ப பாத்தனான்" என்ற ஒரு வரி அந்தக் குவியலுக்குள் எங்கோ அமுங்கிக் கிடக்கும்.

அந்த ஒரு வரியை மேலே கொண்டுவரவும், பழைய படத்தைக் கீழே தள்ளவும் வாசகர்களையே பயன்படுத்துவதுதான் கூட்டு மட்டுறுத்தல்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்கள்

இந்த வேலையை முகநூல் நிறுவனமும் அரசும் செய்யாதா என்று கேட்கலாம். 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது வெறுப்புப் பதிவுகள் முகநூலில் தடையின்றி ஓடின. சிங்களம் தெரிந்த மட்டுறுத்துநர் போதிய அளவில் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. அதற்கு அது மன்னிப்புக் கேட்டது 2020இல். அரசோ முகநூல், வட்ஸ்அப், வைபர் போன்றவற்றைச் சில நாட்கள் முடக்கியது. வெறுப்புப் பதிவு போட்டவருக்கும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு வைபரில் கதைக்கும் வன்னித் தாய்க்கும் ஒரே பூட்டு. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும் அதே கதை. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அது கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கும் என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது.

நிறுவனமும் சரி, ஆணைக்குழுவும் சரி, தூரத்திலிருந்துதான் பார்க்கின்றன. எந்தச் சொல் எந்த ஊரில் வசை, எந்தப் படம் எந்தக் குளத்தினுடையது என்பது அந்த இடத்து ஆளுக்கே தெரியும்.

கூட்டத்தை எப்படி நம்புவது?

1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற அமெரிக்கத் தளம் ஒரு வழி கண்டது. தொடர்ந்து வரும் வாசகர் சிலரைக் கணினி தெரிவு செய்து, ஆளுக்குச் சில புள்ளிகளை மட்டும் கையில் கொடுக்கும். சில நாட்களில் செலவழிக்காவிட்டால் அவை காலாவதி. கருத்துகளுக்கு -1 முதல் 5 வரை மதிப்பு. அந்தத் தீர்ப்பு நியாயமா என்று வேறு வாசகர்கள் பின்னர் பார்ப்பார்கள். அதிகாரம் சிறியது, தற்காலிகமானது, மேலே இன்னொரு கண் உள்ளது.

எல்லாரும் விருப்பு அழுத்தி எண்ணிக்கையால் முடிவு செய்வது இதைவிட எளிது, ஆனால் ஏமாறக்கூடியது. ஒரு செய்தித்தளத்தில் ஆய்வாளர்கள் சில கருத்துகளுக்கு முதல் விருப்பைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி அக்கருத்துகளின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. முதலில் கைதட்டியவரைப் பார்த்து மற்றவரும் தட்டுகிறார்கள்.

இதற்கு ஒரு மாற்றை டுவிட்டர் 2021இல் பரீட்சித்தது. இன்று அந்த முறையின் பெயர் சமூகக் குறிப்புகள். ஒரு பதிவின் கீழ் பயனர்கள் விளக்கக் குறிப்பு எழுதலாம். ஆயிரம் பேர் ஆமோதித்தாலும், அவர்கள் ஒரே பக்கத்தவரானால் குறிப்பு வெளியே வராது. வழக்கமாக முரண்படுபவர்கள் இதில் ஒத்துப்போனால்தான் வரும். குறை, தாமதம். பொய் ஊரைச் சுற்றிய பிறகுதான் பல குறிப்புகள் வந்து சேர்கின்றன.

தமிழில் இதற்குச் சொந்த அனுபவமும் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க உழைப்பில் இ. மயூரநாதன் போன்ற ஈழத்தமிழர் பங்கு பெரிது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கு உள்ளன. யாரும் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் நிற்கும். 'ரொறன்ரோ' என்று எழுதும் யாழ்ப்பாணத்தவரும் 'டொராண்டோ' என்று எழுதும் சென்னைக்காரரும் பேச்சுப் பக்கத்தில்தான் சண்டை பிடிக்கவேண்டும், காரணத்தோடு. ஆதாரமில்லாத வரிக்கு 'மேற்கோள் தேவை' என்று ஒட்டுவார்கள்.

கனகராயன் ஆற்றங்கரையில்

வன்னிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வெள்ளம் வந்தால் களத்தில் நிற்பவரிடம் மின்சாரமும் சிக்னலும் இராது. கருத்து எழுத நேரம் உள்ளவர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பார். அவருடைய பதற்றம் உண்மையானது. ஊரில் அவருக்கும் உறவு உண்டு. ஆனால் தலையை எண்ணினால் பார்த்தவர் தோற்றுப்போவார், பதறியவர் வெல்வார்.

ஆகவே எத்தனை பேர் என்பதை விட எங்கெங்கே நிற்பவர்கள் என்று கேட்பது நல்லது. கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து இரணைமடுவுக்கு வந்து, வான்கதவைத் தாண்டி, முரசுமோட்டைப் பக்கமாகச் சுண்டிக்குளம் போகிறது. கனகராயன்குளத்தில் நிற்பவர் ஆறு பெருகுகிறது என்கிறார். அவரை அறியாத முரசுமோட்டைக்காரர் தண்ணீர் ஏறுகிறது என்கிறார். இந்த இரண்டு பேரின் சொல்லுக்கு இருநூறு பகிர்வை விட நிறை அதிகம்.

குழுமம் நடத்துவோர் இதைக் காசில்லாமல் செய்யலாம். ஒரே ஊர், ஒரே கட்சிக்காரரிடம் அட்மின் பொறுப்பைக் குவிக்காமல் நான்கு ஊருக்குப் பிரித்துக் கொடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் யாருடைய செய்தியையும் அட்மினால் எல்லாருக்குமாக அழிக்க முடியும். அழித்தால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் அழிப்பே அடுத்த வதந்தியாகும். அவசரச் செய்தி போடுபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா, எங்கே, எத்தனை மணிக்கு? பதில் இல்லாதது கீழே போகட்டும். குளத்தைப் பற்றிய முடிவான சொல் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையதும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவினுடையதும்தான். அவற்றின் அறிவித்தலை மேலே குத்தி வையுங்கள்.

அதற்கு அடுத்த வரியாக முரசுமோட்டைக்காரரின் முழங்கால் தண்ணீர் இருக்கட்டும், நேரத்தோடு.