காலேஜில் யாரும் தேடி வர மாட்டாங்க – நாமதான் தேடிப் போகணும்!

 

நான் நம் பள்ளியின் முன்னாள் மாணவி. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, இப்போது தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் சுவர் இதழுக்கு எழுதித் தரச் சொல்லி தமிழ் ஐயா கேட்டதும் உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

நம்ம கேளம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை கல்லூரிகள்! ஓ.எம்.ஆரில் போனாலும் சரி, வண்டலூர் ரோட்டில் போனாலும் சரி, பஸ் ஜன்னல் வழியே காலேஜ் போர்டு பார்த்தே வளர்ந்தவங்க நாம. ஆனால் அந்த கேட்டுக்கு உள்ளே என்ன நடக்குது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அப்பா அம்மாவிடம் கேட்டால், "நல்லா படிம்மா" என்பார்கள். அவ்வளவுதான் அவங்களால சொல்ல முடியும். மீதியை நான் சொல்கிறேன்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். இங்கே இரண்டு நாள் லீவு போட்டால் கிளாஸ் டீச்சர் வீட்டுக்கு போன் போடுவாங்க. மார்க் குறைந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொல்வாங்க. அங்கே பல இடங்களில் யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. ஆனால் தேடிப் போனால் பெரும்பாலும் கதவு திறக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பாட்டி சொல்வாங்களே, அது கல்லூரிக்குச் சொன்ன பழமொழி!

1. அட்டென்டன்ஸ் கணக்கு

சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் சரி, அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் சரி, செமஸ்டர் பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 68 நாள் போயிருக்கணும். அதாவது கையில் இருப்பது வெறும் 22 நாள். காய்ச்சல், சொந்தக்காரங்க கல்யாணம், ஊர்த் திருவிழா, மழை எல்லாம் அந்த 22-க்குள்தான் அடங்கணும். 65-க்கும் 75-க்கும் நடுவே இருந்தால், தக்க காரணம் காட்டி விலக்கு கேட்கலாம். அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது.

என்னோடு சேர்ந்த ஒரு பையன் திருப்போரூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தான். பிளஸ் டூவில் என்னைவிட அதிக மார்க். வீட்டுக் கஷ்டத்துக்காக ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போவான், காலையில் தூங்கிவிடுவான். முதல் செமஸ்டர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் அவன் பெயருக்கு நேரே 61 சதவீதம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொங்கலுக்குப் பிறகு அவன் வரவேயில்லை. இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்றான். எங்கள் டியூட்டர் மேடம் வருத்தப்பட்டு ஒன்று சொன்னாங்க: "ஆகஸ்ட்லயே என்கிட்ட வந்து சொல்லியிருந்தா ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருப்பேன். அவன் வாயே திறக்கலையே." அவன் சோம்பேறி இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாதவன். அவ்வளவுதான். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்தப் பையனுக்காகத்தான்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உங்கள் வருகை எத்தனை சதவீதம் என்று நீங்களே போய்க் கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.

2. இன்டர்னல் மார்க்

பள்ளியில் கடைசிப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்து ஒப்பேற்றலாம். அங்கே அது நடக்காது. சென்னைப் பல்கலைக்கழக முறையில் பொதுவாக ஒரு பேப்பருக்கு 100 மார்க்கில் 25 இன்டர்னல், 75 செமஸ்டர் பரீட்சை. பாஸ் ஆக 75-க்கு 30-ம், மொத்தம் 40-ம் எடுக்கணும். இப்போ கணக்குப் போடுங்க. இன்டர்னலில் 20 வாங்கியவன் பரீட்சையில் 30 எடுத்தால் 50. இன்டர்னலில் 4 வாங்கியவன் அதே 30 எடுத்தால் 34, ஃபெயில்! அந்த 25 மார்க் எங்கிருந்து வருது? வகுப்புத் தேர்வு, அசைன்மென்ட், செமினார் இவற்றிலிருந்துதான். அசைன்மென்ட் தேதியை மறந்தால் மார்க் சத்தமில்லாமல் போய்விடும்.

ஃபெயிலான பேப்பருக்கு 'அரியர்' என்று பெயர். அடுத்த செமஸ்டர் பேப்பர்களோடு அதையும் சேர்த்து எழுதணும். ஒரு அரியர் வந்தால் உலகம் இடிந்துவிடாது. ஆனால் பாத்திரம் கழுவுவது மாதிரி, அன்றைக்கே கழுவிடணும். சேர்ந்தால் மலை.

3. இன்ஜினியரிங் போகிறவர்களுக்கு கிரெடிட் கணக்கு

அங்கே எல்லாப் பாடத்துக்கும் ஒரே எடை கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 'கிரெடிட்' உண்டு. உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு 4 கிரெடிட், இயற்பியலுக்கு 3, தமிழர் மரபு பாடத்துக்கு 1. கிரெடிட்டையும் நீங்கள் வாங்கிய பாயின்ட்டையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் ஜி.பி.ஏ.

கணிதத்தில் 7, இயற்பியலில் 8, தமிழர் மரபில் 10 பாயின்ட் என்றால் 28 + 24 + 10 = 62. அதை 8-ஆல் வகுத்தால் 7.75. கணிதத்தில் மட்டும் 9 வாங்கியிருந்தால்? 70-ஐ 8-ஆல் வகுக்க 8.75. ஒரு பாடம் ஒரு முழுப் பாயின்ட்டைத் தூக்கிவிட்டது பாருங்க! கிரெடிட் அதிகமுள்ள பாடத்துக்கு நேரமும் அதிகம் கொடுங்க. இந்த விதிமுறைகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். அதனால் சேர்ந்த முதல் வாரமே, "எங்க பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன் சார்?" என்று கேட்டுவிடுங்க.

4. இங்கிலீஷ் பயம்

இதை மறைக்கத் தேவையில்லை. தமிழ் வழியில் படித்த நமக்கு முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கும். 'முடுக்கம்' நமக்கு நல்லாத் தெரியும். அதையே 'ஆக்சிலரேஷன்' என்றால் முழிப்போம். பாடம் தெரியாமல் இல்லை, பெயர்தான் தெரியவில்லை.

எனக்கு உதவிய வழி இது. நம் பிளஸ் டூ பாடப்புத்தகத்தைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் வெளியிடுகிறது. அதே பாடம், அதே படம், அதே கணக்கு. ஆங்கில வழி நண்பர்களிடம் பழைய புத்தகத்தை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்குப் பத்துச் சொல் நோட்டில் எழுதுங்க. பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள லீவில் செய்தால் போதும், பாதி பயம் போயிடும். வகுப்பில் சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேளுங்க. எந்தப் பேராசிரியரும் என்னை அதற்காகத் திட்டியதில்லை.

வீட்டில் படிக்க இடம் இல்லையா? கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. ஓ.எம்.ஆர். பஸ்ஸில் மத்திய கைலாஷ் வரை போய், அங்கிருந்து போயிடலாம்.

5. பணத்துக்காகப் படிப்பை நிறுத்தாதீங்க

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்து, மேலே படிக்கப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-இலும், இன்ஜினியரிங் முதலான படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தாசில்தார் ஆபீஸ் சான்றிதழ் வேண்டும். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இவை எதுவும் தானாக வீடு தேடி வராது. வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் கவுன்சிலிங்குக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கல்லூரி ஆபீஸில், "எனக்கு எந்தெந்த உதவித்தொகை கிடைக்கும்? கடைசித் தேதி என்ன?" என்று இரண்டு கேள்வி கேளுங்க. பீஸ் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்க.

6. சீனியர், ராகிங், ரூட்டு

சீனியர் எல்லாரும் பூதம் இல்லை. எனக்குப் பழைய ரெக்கார்டு நோட்டும் கேள்வித்தாளும் கொடுத்தது சீனியர் அக்காதான். பெயர், ஊர் கேட்பது அறிமுகம். அவமானப்படுத்துவது, மிரட்டுவது, காசு பிடுங்குவது, அடிப்பது ராகிங். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது. 1997-இல் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவருக்கு வேறு கல்லூரியிலும் இடம் கிடையாது. நாடு முழுவதற்கும் 2009-இல் யு.ஜி.சி. விதிகள் வந்தன. 1800-180-5522 என்ற எண்ணில் இலவசமாகப் புகார் சொல்லலாம்.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. பஸ்ஸிலும் ரயிலிலும் 'ரூட்டு தல' என்று யாராவது உங்களைச் சேர்க்கப் பார்த்தால் விலகி வந்துடுங்க. 'பஸ் டே' கொண்டாட்டத்துக்கு உயர் நீதிமன்றம் 2011-லேயே தடை போட்டது. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில், வேறு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் ஒரு கல்லூரி மாணவர் சில நாள் கழித்து இறந்துபோனார். படிக்க அனுப்பின அம்மா அப்பாவுக்கு அந்த ரூட்டு என்ன பதில் சொல்லும்?

தங்கைகளே, யாராவது தொந்தரவு கொடுத்தால் கல்லூரியில் உள் புகார் குழு இருக்கும். அது ஆசிரியர்மேல் வரும் புகாரையும் விசாரிக்கும். வெளியே என்றால் 181.

7. நண்பர்கள்

விலை உயர்ந்த போன், கார், இங்கிலீஷ் பேச்சு எல்லாம் பார்த்து மிரளாதீங்க. அவங்க மாதிரி காட்டிக்கக் கடன் வாங்காதீங்க. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை முதல் வாரம் தனியாகச் சாப்பிட்டேன். அடுத்த வாரமே நான்கு பேர் பங்கு கேட்டாங்க! நன்றாகப் படிக்கிற ஒருவர், நம்மைப் போலக் கஷ்டப்படுகிற ஒருவர், மனசு விட்டுப் பேச ஒருவர். மூன்று பேர் போதும். மனசு ரொம்பச் சோர்ந்தால் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல் வாரத்தில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் (நோட்டில் எழுதிக்கோங்க!)

● என் டியூட்டர் யார்? எப்போது பார்க்கலாம்?
● வருகைப் பதிவை எங்கே பார்ப்பது?
● இன்டர்னல் மார்க் எப்படிப் பிரிக்கிறாங்க?
● எனக்கு என்ன உதவித்தொகை? கடைசித் தேதி எது?
● ராகிங் புகார் யாரிடம் கொடுப்பது?

இந்த ஐந்தையும் கேட்டுவிட்டால் நீங்களும் கல்லூரி மாணவர்தான். கூச்சம் ஒரு நிமிஷம், படிப்பு ஆயுசுக்கும்!

வாழ்த்துகளுடன்,
உங்கள் அக்கா,
முன்னாள் மாணவி.