ஏரிப்பாசன நெல்லும் காட்சி வயலும்

உத்திரமேரூரைச் சார்ந்த காவாந்தண்டலம் முதலிய கிராமங்களில் ஏரியை நம்பிச் சம்பா பயிரிடும் குடியானவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே ஆதாரமாகும். அம்மழை குறையின் முதலில் காய்வது கடைமடை நிலமே. ஆதலின், இப்பகுதியில் விவசாயப் போதனை என்பது பெரும்பாலும் ஜலத்தைச் சிக்கனமாய்ச் செலவிடும் போதனையேயாம்.

இப்பொறுப்பை ஊரே ஏற்பது புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்ச் சாஸனங்களின்படி, ஏரி வாரியத்தார் அறுவர் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டு 360 நாள் பணிபுரிந்தனர். பிற்காலத்தில் 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், அடுத்த ஆண்டு தேசிய விஸ்தரிப்புச் சேவையும் தொடங்கின. கிராம சேவகர்கள் வாயிலாகப் போதனை வயலுக்கே வந்தது.

இன்று ஏரிப்பாசனத்தார் கண்டறியத்தக்கது திருந்திய நெல் சாகுபடியாகும். ஏக்கருக்கு 3 கிலோ விதையும், 1 சென்ட் நாற்றங்காலும் போதும். 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் நடவேண்டும். கதிர் உருவாகும் வரை, மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் 2.5 சென்டிமீட்டர் ஆழம் நீர் பாய்ச்சுதல் போதுமானது. நீர் தேங்காவிடில் களை மிகும். ஆகவே நட்ட 10-ஆம் நாள் முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, 40-ஆம் நாள் வரை, கோனோ களைக் கருவியை உருட்டுதல் இன்றியமையாதது. நிலம் சமனாய் இராவிடினும், வடிகால் இல்லாவிடினும் இம்முறை பலியாது.

ஒன்று கருதத்தக்கது. தலைமடையார் வயல் நிறையத் தேக்கிவைப்பின், கடைமடையார் எத்துணைக் கற்றும் பயனில்லை. ஆகவே காட்சி வயல் ஒன்று தலைமடையிலும், ஒன்று கடைமடையிலும் அமைவது உத்தமம். அருகிலேயே வழக்கமான நடவு வயலும் இருத்தல்வேண்டும். ஒப்பிட்டாலன்றி நம்பிக்கை பிறவாது.

அறுவடை நாளைக் கிராம அதிகாரிகள் முன்னதாகவே ஊரார்க்கு அறிவிப்பார்களாக. இரு வயல்களிலும் 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, உலர்த்தி, எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கவேண்டும். கிடைத்த கிலோவை ஏறத்தாழ 160-ஆல் பெருக்கின் ஏக்கர் மகசூல் தெரியும். எத்தனை முறை நீர் பாய்ச்சப்பட்டது என்ற கணக்கையும் உடன் படிப்பது அவசியம். மகசூல் குறையாமல் நீர் மிஞ்சியதெனில், அடுத்த பருவத்தில் மதகு முறையை மாற்றி வகுக்க அக்கணக்கே ஆதாரமாகும்.